இரண்டு சரி, மூன்றாவது தப்பு

என் அலமாரியில் ஒரு பொன்னாடை இருக்கிறது. பச்சை நிறம், ஓரத்தில் மட்டமான ஜரிகை. ஒன்பது வயதுப் பெண் ஒருத்தியின் நெற்றியிலிருந்து வில்லையை உரித்தெடுத்ததற்காக மாவட்டக் கூட்டத்தில் எனக்குப் போர்த்தினார்கள். அன்றைக்கு யாரும் அதை அப்படிச் சொல்லவில்லை. 'விழிப்புடன் பணியாற்றியமைக்காக' என்று மைக்கில் சொன்னார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

நான் எஸ்தர். ஆம்பூரில் மருத்துவமனை மாடியில் பதினான்காம் எண் அறை என்னுடையது. வில்லைத் திட்டத்தின் சோதனையாளர். மனநல மருத்துவர் என்று நினைத்துக்கொண்டு தூக்கம் வரவில்லை என்று வருகிறவர்களும் உண்டு. அவர்களைக் கீழே அனுப்பிவிட்டு, குழந்தைகளுக்கு அட்டை வைத்துக் காட்டுவதுதான் பதினோரு வருடமாக என் வேலை.

செவ்வந்தியை முதன்முதலில் அவள் அம்மா பிரதீபா கூட்டிவந்தபோது அவளுக்கு ஐந்து வயது. பிரதீபா ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து உரிந்திருக்கும். மகளுக்கு மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, பதினேழு நாள் நினைவில்லாமல் கிடந்து பிழைத்தது என்றாள். பிறகு தயங்கிக் கேட்டாள்.

"என் பொண்ணு முட்டாளா மேடம்?"

"யார் சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. ஆனா சொன்னா அதுக்குப் புரியுது மேடம். ஷூ லேஸ் கட்டுன்னா ஒரு காலுக்குக் கட்டிட்டு எழுந்து ஓடுது. ரோட்டுல வண்டி வந்தா இன்னா செய்யணும்னு கேட்டா, நிக்கணும்னு கரெக்டா சொல்லும். ஆனா நிக்காது."

"முட்டாள் இல்லம்மா. புத்தி இருக்கு. அந்தப் புத்திய மேய்க்கிற ஆள்தான் லீவுல போயிட்டான். நில்லு, பொறு, இத விட்டுட்டு அதச் செய்யின்னு நமக்கெல்லாம் நெத்திக்குப் பின்னால ஒருத்தன் சொல்லிக்கிட்டே இருப்பான். காய்ச்சல் அவனத்தான் அடிச்சிருக்கு."

"திரும்பி வருவானா?"

"வர்ற வரைக்கும் வேற ஆள் போடுவோம்."

அந்த வேறு ஆள்தான் வில்லை. சட்டைப் பொத்தான் அளவு இருக்கும். நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் ஒட்டினால், உள்ளே தூங்கும் பகுதியை லேசான மின்சாரத்தால் தட்டிக்கொண்டே இருக்கும். ஒட்டிய மூன்றாம் வாரம் செவ்வந்தி இரண்டு கால்களுக்கும் லேஸ் கட்டினாள். பிரதீபா என் மேசை மேல் ஒரு பெட்டி மக்கன் பேடாவை வைத்துவிட்டு, அழுதுவிட்டுப் போனாள்.

வில்லை கொஞ்சம், குழந்தைகள் நிறைய. அதனால் வருடம் ஒருமுறை வில்லையைக் கழற்றிவிட்டு ஒரு தேர்வு. நாற்பது அட்டைகள். சிவப்புக் குடை, மஞ்சள் மாம்பழம் என்று படம் போட்டிருக்கும். எதிரே இரண்டு தட்டுகள். இடது தட்டில் சிவப்பு மாம்பழம், வலது தட்டில் மஞ்சள் குடை. 'நிறம் பார்த்து வை' என்றால் சிவப்புக் குடை இடது பக்கம் போகும். நடுவில் 'இப்போது படம் பார்த்து வை' என்பேன். அதே குடை வலது பக்கம் போக வேண்டும். மேய்ப்பவன் இல்லாத குழந்தை நான் சொல்வதைக் கேட்கும், தலையாட்டும், பழையபடி நிறத்துக்கே வைக்கும். மாற்றிக்கொள்ளத் தெரியாது. நோயே அதுதான்.

முப்பதுக்கு மேல் வாங்கினால் 'தேறியவர்', வில்லை போய்விடும். பன்னிரண்டுக்குக் கீழே போனால் 'பயன்பெறாதவர்', அப்போதும் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பிள்ளைக்குத்தான் வில்லை. நன்றாக இருக்கிற பிள்ளைக்கும் இல்லை, ரொம்ப மோசமாக இருக்கிற பிள்ளைக்கும் இல்லை. யார் யோசித்துக் கண்டுபிடித்தார்களோ, நன்றாக இருக்கட்டும்.

நடுவில் தோற்க வேண்டும் என்றால் நம் ஊரில் என்ன நடக்கும்? டியூஷன் வந்தது.

நடத்தியவர் பூவராகன் சார். எனக்கு முன்னால் இதே அறையில், இதே நாற்காலியில் உட்கார்ந்து அட்டை வைத்தவர். ஓய்வு பெற்ற மறுமாதமே வீட்டு மாடியில் கூரை போட்டு, பிள்ளைகளுக்குச் சரியான அளவில் தோற்கச் சொல்லிக்கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது. இருபது வருடம் அரசாங்கச் சோறு தின்றுவிட்டு, அந்தத் தேர்வையே விற்கிற மனுஷன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் திட்டினேன். அவரைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று காத்திருந்தேன். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்ததில் இந்தக் காத்திருப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

போன வருடத் தேர்வுக்குச் செவ்வந்தி வந்தாள். ஒன்பது வயது, இரட்டைப் பின்னல். வில்லையைக் கழற்றியதும் நாற்காலியில் நெளிந்தாள், மேசை விளிம்பைச் சுரண்டினாள். எல்லாம் வழக்கம்தான். முதல் அட்டை சரி. இரண்டாவது சரி. மூன்றாவது தப்பு. நான்கு, ஐந்து சரி. ஆறு தப்பு.

பதினைந்தாவது அட்டையில் எனக்குப் பொறி தட்டியது. அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. எண்ணுகிறாள். நிறம் என்றாலும் படம் என்றாலும் இரண்டு சரி, மூன்றாவது தப்பு. நாற்பது முடிந்தபோது இருபத்தேழு. நடுவில் ஆணி அடித்தாற்போல் நின்றது.

எனக்குக் கோபம் பாதி, சந்தோஷம் பாதி. பூவராகன் சார் மாட்டிக்கொண்டார் என்பது ஒன்று. இன்னொன்று, இந்தப் பெண் வில்லை இல்லாமலேயே சரியான விடையைத் தெரிந்துகொண்டு, அதை அடக்கி, எண்ணி எண்ணித் தப்பாக வைக்கிறாள். அடக்கத் தெரிந்தவள், எண்ணத் தெரிந்தவள், மாற்றிக்கொள்ளத் தெரிந்தவள். மேய்ப்பவன் திரும்பி வந்துவிட்டான். பதினோரு வருடத்தில் நான் பார்க்காத அதிசயம்.

தேர்வு முடிந்ததும் செவ்வந்தி இரண்டு கையாலும் முன்முடியை மேலே தூக்கிப் பிடித்து நெற்றியைக் காட்டினாள். வில்லையை ஒட்டச் சொல்கிற அவளுடைய பாஷை அது. ஒட்டி அனுப்பினேன். அன்றே அறிக்கை எழுத உட்கார்ந்தேன். அதில் ஒரு வாக்கியத்தை மூன்று முறை அடித்துத் திருத்தி எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே ஒரு கர்வம்.

'நாற்பது அட்டைகளுக்கும் ஒரே திட்டத்தை மனத்தில் நிறுத்தி, சரியான விடையை அறிந்தே அடக்கிவைக்கத் தெரிந்த குழந்தைக்கு வில்லை தேவையில்லை.'

பத்து நாளில் உத்தரவு வந்தது. பிரதீபாவை வரச்சொன்னேன்.

"சந்தோஷப்படும்மா. உன் பொண்ணு தேறிட்டா" என்றேன்.

"இல்ல மேடம். அதுக்குச் சரியாகல."

"நீ டியூஷனுக்கு அனுப்பினது எனக்குத் தெரியும். உன்மேல கேஸ் வராம நான் பாத்துக்கறேன். ஆனா எண்ணி எண்ணித் தப்பு பண்ற அளவுக்கு அவ வளந்துட்டா. புரியுதா?"

"எண்ணல மேடம். அது மனப்பாடம்."

"மனப்பாடம் பண்றதுக்கும் புத்தி வேணும்ல?"

அவள் என்னையே பார்த்தாள். படித்தவள் சொல்கிறாள் என்ற மரியாதை அவள் வாயைக் கட்டிவிட்டது. நான் படிவத்தை நகர்த்தினேன், கையெழுத்துப் போட்டாள். செவ்வந்தி முன்முடியைத் தூக்கிப் பிடித்தாள். நான் வில்லையை உரித்து எடுத்து உறையில் போட்டேன். அவள் கையை இறக்கவில்லை. புதிது ஒட்டுவேன் என்று நினைத்திருப்பாள். பிரதீபாதான் மகளின் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

அடுத்த மாதம் பொன்னாடை. அதற்கு அடுத்த மாதம், என் அறிக்கையைக் காட்டி, அட்டைகளை மாற்றப்போவதாகவும், வேண்டுமென்றே தப்பு செய்கிறவர்களைக் கண்டுபிடிக்கத் தேர்வு மேசையோடு ஒரு இயந்திரம் பொருத்தப்போவதாகவும் சுற்றறிக்கை வந்தது. ஆறு வருடமாக ஒரே நாற்பது அட்டை, ஒரே வரிசை. அது எனக்கும் தெரியும், என் மேலே இருக்கிறவர்களுக்கும் தெரியும். வரிசை மாறாதது பற்றி அதுவரை யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

சுற்றறிக்கை வந்து நான்கு மாதம் கழித்துப் பிரதீபா மறுபடி வந்தாள். செவ்வந்திக்கு வலது கையில் மாவுக்கட்டு.

"என்ன ஆச்சு?"

"பைபாஸ்ல ஓடிட்டா. பஸ்காரர் பிரேக் போட்டுட்டாரு. இல்லன்னா இன்னிக்கு நான் மட்டும் தனியா வந்திருப்பேன்." அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "கம்பெனிய விட்டுட்டேன் மேடம். வில்லை இல்லாத புள்ளைய அம்மா இல்லாம உள்ள விடமாட்டோம்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் வராண்டாவுல உக்காந்திருக்கேன்."

செவ்வந்தி என் மேசையில் இருந்த குண்டூசிப் பெட்டியைக் கவிழ்த்தாள். வேண்டாம் என்றேன். "சரி மிஸ்" என்று சொல்லிக்கொண்டே காகிதக் கட்டையும் தள்ளிவிட்டாள். சொன்ன வார்த்தை ஒரு பக்கம், செய்த கை ஒரு பக்கம். ஐந்து வயதில் பார்த்த அதே குழந்தை.

அப்போதும் புத்தி எங்கே போயிற்று என்றால், வில்லையைச் சட்டென்று எடுத்ததால் பழக்கம் விட்டுப்போயிருக்கும், கொஞ்ச நாளில் திரும்பும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் பூவராகன் சார் வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன்.

மாடிப்படியில் பாதி ஏறும்போதே சத்தம் கேட்டது. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் சேர்ந்து வாய்ப்பாடு சொல்கிற ராகத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"இடது, வலது, வலது. இடது, இடது, வலது. வலது, வலது, இடது."

படியிலேயே நின்றுவிட்டேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு முழுதும் கேட்டேன். நாற்பது வார்த்தை. என்னுடைய நாற்பது அட்டைகள். செவ்வந்தியின் உதடு அசைந்தது எண்ணுவதற்கு இல்லை. அவள் அட்டையைப் பார்க்கவே இல்லை. நிறமும் இல்லை, குடையும் இல்லை, மாம்பழமும் இல்லை. அடக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை. ஒரே ஒரு பாட்டை ஒப்பித்தாள். நான் அதற்குத் திட்டம் என்று பெயர் வைத்தேன்.

பூவராகன் சார் என்னைப் பார்த்ததும் பிள்ளைகளை நிறுத்தச் சொன்னார். இரண்டு மூன்று பேர் நிறுத்தவில்லை, தேர்வுக்குப் போலவே வில்லையைக் கழற்றிவைத்திருந்ததால் அவர்களால் முடியாது. அவர் பக்கத்தில் போய் ஒவ்வொருவர் தோளிலும் கைவைத்த பிறகுதான் சத்தம் அடங்கியது.

"அட்டைய மாத்தப்போறாங்கன்னு தெரிஞ்சும் எதுக்கு சார் இன்னும் இதையே சொல்லிக்குடுக்கறீங்க?"

"நான் சொல்லிக்குடுக்கல மேடம். நிறுத்தச் சொல்லித்தான் மூணு மாசமா பாக்கறேன். உக்காந்த உடனே ஆரம்பிச்சிடுதுங்க."

அவரே தொடர்ந்து பேசினார்.

"நானும் அங்க உக்காந்தவன்தான். ஃபிட்ஸ் வந்த மறுநாள் அஞ்சு மார்க் வாங்குற பிள்ளை, நல்லாத் தூங்கி எழுந்த அன்னிக்கு முப்பத்திரண்டு வாங்கும். ரெண்டு நாளும் அதே பிள்ளைதான். நீங்க பாக்கறது வருஷத்துல ஒரு நாள். அந்த ஒரு நாள் கவுத்துடக் கூடாதுன்னுதான் இத ஆரம்பிச்சேன். ஞாபகசக்தி இதுங்களுக்கு நல்லாவே இருக்கு, காய்ச்சல் அதத் தொடல. அதனால பாட்டா போட்டுக் குடுத்தேன்."

"அந்தப் பாட்டாலதான் சார் செவ்வந்திக்கு வில்லை போச்சு."

"பாட்டாலயா போச்சு?" என்றார். கோபமாகக்கூட இல்லை, ரொம்பக் களைத்துப்போன குரல். "மனப்பாடத்தப் பாத்து அறிவுன்னு சொல்றது நம்ம ஊர்ல புதுசு இல்ல. பள்ளிக்கூடத்துல சொல்லுவான், கல்யாணத்துல பொண்ணு பாக்க வந்தவன் சொல்லுவான். ஆனா நீங்க சொல்லலாமா மேடம்? நீங்க படிச்சதே இதத்தானே?"

சண்டை போடப் போனவள் படியிறங்கி வந்துவிட்டேன். அன்றைக்கே மேல்முறையீடு எழுதினேன். என் அறிக்கை தவறு, குழந்தை ஒப்பித்ததை நான் திறன் என்று தவறாகப் புரிந்துகொண்டேன், வில்லையைத் திருப்பித் தர வேண்டும் என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டேன். அதற்காக யாரும் எனக்குப் பொன்னாடை போர்த்தவில்லை. ஒருமுறை மறுதேர்வு நடத்தலாம், புது அட்டைகளோடு, இயந்திரத்தின் கண்காணிப்பில், அதன் முடிவே இறுதி என்று பதில் வந்தது.

மறுதேர்வன்று பிரதீபா வாசலிலேயே மகளை நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். "சார் சொல்லிக்குடுத்தது வாணாம். மேடம் சொல்றத மட்டும் செய். சரியா?"

"சரிம்மா."

"இன்னா செய்யணும்?"

"மிஸ் சொல்றத செய்யணும். சார் பாட்டு வாணாம்."

அவ்வளவு தெளிவாகச் சொன்னாள். எனக்கே ஒரு நிமிடம் நம்பிக்கை வந்தது.

புது அட்டைகளில் மீனும் மணியும், பச்சையும் நீலமும். உட்கார வைத்தேன். "செவ்வந்தி, நிறம் பாத்து வைக்கணும். பச்சை எங்க போகும்?"

"இந்தப் பக்கம்" என்று சரியாகக் காட்டினாள்.

முதல் அட்டையைக் கையில் கொடுத்தேன். அவள் உதடு அசைந்தது.

இடது. வலது. வலது.

நான் அவள் கையைப் பிடித்தேன். விதிப்படி பிடிக்கக் கூடாது, பிடித்தேன். "பாட்டு வேண்டாம் கண்ணு. அட்டையப் பாரு."

"பாட்டு வாணாம்" என்று அவளும் சொன்னாள். சொல்லிவிட்டு, இடது, இடது, வலது. அவள் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. தப்பு செய்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் கை நிற்கவில்லை. பாவி, அந்தக் கையை நிறுத்துகிறவனைத்தானே நான் என் கையாலேயே உறையில் போட்டு அனுப்பினேன்.

நாற்பது அட்டையும் முடிந்தது. மதிப்பெண் பத்தொன்பது. வேறு எந்தக் குழந்தையாக இருந்தாலும் அன்றே வில்லையோடு வீட்டுக்குப் போகிற மதிப்பெண். திரையில் அதற்குக் கீழே இன்னொரு வரி வந்தது. 'அட்டை வைத்த வரிசை முந்தைய தேர்வோடு நாற்பதுக்கு நாற்பது ஒத்துப்போகிறது. வேண்டுமென்றே செய்தது. மனு தள்ளுபடி.'

இணை இயக்குநர் சுகந்தனுக்குப் போன் போட்டேன்.

"சார், அவ வேணும்னு செய்யல. நிறுத்த முடியாமத்தான் செய்யறா. வேற அட்டை குடுத்தும் பழசையே வெச்சான்னா அதுதான் சார் நோய். இதவிட வேற சாட்சி என்ன வேணும்?"

"மேடம், ரெண்டு தேர்வுலயும் நாப்பது அட்டையையும் ஒரே வரிசையில வெக்கிறா. அடக்கத் தெரியாத பிள்ளை இதச் செய்யுமா?"

"அது மனப்பாடம் சார்."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது.

"மனப்பாடமோ என்னவோ, இயந்திரத்துக்கு நாங்களா ஒண்ணும் சொல்லித்தரல. உங்க அறிக்கைய வெச்சுத்தான் பழக்கினோம்" என்றார் அவர். நல்ல மனிதர், திட்டக்கூட இல்லை. காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. நிதானமாக வாசித்தார். "நாற்பது அட்டைகளுக்கும் ஒரே திட்டத்தை மனத்தில் நிறுத்தி, சரியான விடையை அறிந்தே அடக்கிவைக்கத் தெரிந்த குழந்தைக்கு வில்லை தேவையில்லை. நீங்க எழுதினதுதானே மேடம்? ரொம்பத் தெளிவா எழுதியிருந்தீங்க. எல்லா மாவட்டத்துக்கும் இதத்தான் விதியா போட்டிருக்கோம்."

போனை வைத்தேன். பிரதீபா கதவருகே நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அழவில்லை, திட்டவில்லை. அன்றைக்குப் போலவே என்னைப் பார்த்தாள். அன்றைக்கு இருந்த மரியாதை மட்டும் அந்தப் பார்வையில் இல்லை.

"மிஸ், முடிஞ்சிடுச்சா?" என்றாள் செவ்வந்தி.

"முடிஞ்சிடுச்சும்மா."

அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மாவுக்கட்டு பிரித்த கை இன்னும் சரியாக மடங்கவில்லை. இருந்தாலும் இரண்டு கையாலும் முன்முடியை மேலே தூக்கிப் பிடித்து, நெற்றியைக் காட்டினாள்.

"ஒட்டுங்க மிஸ்" என்றாள்.